தூங்காநகர பஜனை

மதுரையைத் தூங்காநகரம் என்று எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இரவு பத்து மணிக்குப் படுத்துவிடுகிறவர்கள். நம் வட்டத்து எழுத்தாளர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு இந்த பஜனை கோஷ்டி இன்னும் பெருத்துவிட்டது. மதுரையின் இரவு மீண்டுவிட்டதாம். விளக்குத்தூணில் ஜிகர்தண்டாவுக்குக் கூட்டம் நிற்கிறதாம், நள்ளிரவில் பரோட்டாக் கல்லின் தாளம் கேட்கிறதாம், ஆகவே நகரம் பிழைத்துவிட்டதாம். தினசரிகளின் ஞாயிறு இணைப்பில் இது வந்தால் எனக்குப் புகார் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் ஓட்டல் விளம்பரம் இருக்கும். சிறுபத்திரிகைக் கவிஞரும் அதே பல்லவியில் இரண்டு படிமத்தைக் கலந்து பாடும்போதுதான் சகிக்கவில்லை. இவர்களேதான் 2020இல் ஆளற்ற மாசி வீதிகளைப் பற்றிப் பரவசப்பட்டு எழுதினார்கள். நிலா, நாய், மௌனம், தெருவிளக்கின் மஞ்சள். அந்த மௌனத்தில் யார் யார் வீட்டில் உலை ஏறவில்லை என்ற விஷயம் படிமத்துக்குள் அகப்படவில்லை. இப்போது கூட்டத்தைப் பார்த்துப் பரவசம். இரண்டும் மொட்டை மாடியில் நின்று பார்த்த பரவசம்.

ஆதாரம் கேட்டால் மதுரைக்காஞ்சியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இரண்டாயிரம் வருஷமாக இந்த ஊர் தூங்கவில்லை, பார், அல்லங்காடி என்று மாங்குடி மருதனாரே சொல்லியிருக்கிறார் என்பார்கள். சொல்லியிருக்கிறார், வாஸ்தவம். ஆனால் அந்தப் பாட்டு 782 அடி. நம் பண்டிதர்களின் வாசிப்பு அல்லங்காடி என்ற ஒரு சொல்லோடு நின்றுபோய்விட்டது. அதற்கு அப்புறம் புலவர் யாமம் யாமமாக இரவை எடுத்து வைக்கிறார். முதல் யாமத்தில் சந்தடி, விளக்கு, விழா, பரத்தையர் தெரு. இரண்டாம் யாமத்தில் கடைகளை அடைத்துவிடுகிறார்கள். அடையும் மோதகமும் விற்கிறவர்கள் இருந்த இடத்திலேயே உறங்கிப்போகிறார்கள். விழாவில் ஆடிய கூத்தர்கள் ஓய்ந்து படுக்கிறார்கள். ஊர் ஓசை அடங்கிய கடல் மாதிரி ஆகிவிடுகிறது. மூன்றாம் யாமத்தில் விழித்திருப்பவர்கள் பேய்கள், கன்னம் வைக்க வருகிற திருடர்கள், அவர்களைத் தேடி அம்பும் வில்லுமாக மழையிலும் சோராமல் சுற்றுகிற ஊர்க்காவலர்கள். அதாவது தூங்காநகரத்துக்கு முதல் சாட்சியாகக் கூண்டில் ஏற்றப்படுகிற புலவர், ஊர் தூங்கியதைத்தான் விஸ்தாரமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு பேரரசனைப் பாட வந்த இடத்தில் பலகாரம் விற்கிறவனின் அசதிக்கு இரண்டு அடி ஒதுக்கினாரே, அந்தக் கண் நமக்கு வாய்க்கவில்லை. விற்கிறவன் தூங்குகிறான் என்பதை நாம் நகரத்தின் அவமானமாக நினைக்கிறோம்.

நாம் அறிந்த மதுரையின் விழிப்புக்கும் சங்கப் பாட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி மில் வந்தது. பிறகு மகாலட்சுமி மில், மீனாட்சி மில் என்று சங்குகள் பெருகின. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு டீ வேண்டும், ஷிப்டுக்குப் போகிறவனுக்கு இட்லி வேண்டும். ரயில் ஜங்ஷனில் இறங்குகிறவர்கள், பெரியாஸ்பத்திரி வாசலில் பாயைப் போட்டுக் காத்துக் கிடக்கும் கிராமத்துச் சனம், கீழமாரட் வீதியில் வெங்காய மூட்டை இறக்குகிற சுமைக்காரர்கள், இரண்டாம் ஆட்டம் விட்டு வருகிறவர்கள். இந்த ஆட்களுக்காகத்தான் அடுப்பு எரிந்தது. இதைக் கலாசாரம் என்று சொல்வதைவிட ஷிப்ட் என்று சொல்வது நேர்மை. மில்கள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு இரவு மெலிய ஆரம்பித்தது. ஆசியாவிலேயே பெரியது என்று ஒரு காலத்தில் பீற்றிக்கொண்ட தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் துணிக்கடை நிற்கிறது. 2020 மார்ச்சுக்கு முன்னாலேயே நோயாளி படுக்கையில்தான் இருந்தான். 'பழைய இரவு திரும்பிவிட்டது' என்கிறவர்கள் எந்த வருஷத்து இரவைச் சொல்கிறார்கள் என்று தெரிந்தால் நல்லது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். தமிழ்நாட்டின் முதல் கொரோனா சாவு 2020 மார்ச் 25 அன்று மதுரை இராசாசி மருத்துவமனையில் நிகழ்ந்தது. நாடு முழுவதும் ஊரடங்கு ஆரம்பித்த நாளும் அதுதான். ஜூன் 24 முதல் ஜூலை நடு வரை மாநகராட்சி, பரவை, சுற்றியிருந்த ஒன்றியங்கள் எல்லாவற்றுக்கும் முழு அடைப்பு. 2021 ஏப்ரல் 20 முதல் இரவு பத்து மணியிலிருந்து காலை நாலு மணி வரை இரவு ஊரடங்கு. மே 10 முதல் மறுபடி முழு ஊரடங்கு. 2022 ஜனவரி 6 முதல் மூன்று வாரம் மீண்டும் இரவு ஊரடங்கு. சுமார் இரண்டு வருஷம், விட்டுவிட்டு, இரவு என்பது அரசாங்கம் கொடுத்து வாங்குகிற ஒரு பொருளாக இருந்தது. மருத்துவ நியாயத்தை நான் மறுக்கவில்லை. கூட்டம் கூடினால் நோய் பரவும். ஆனால் பகலில் ரேஷன் கடையிலும் டாஸ்மாக்கிலும் வரிசை நின்ற நாட்களில் பத்து மணிக்கு மேல் தெருவை அடைத்ததன் ரகசியம் எளிமையானது: அடைப்பதற்குச் சுலபமானது இரவுதான். இரவில் புழங்குகிறவர்களுக்குச் சங்கம் இல்லை, சேம்பர் இல்லை, மனு எழுதிக் கொடுக்கிற வக்கீல் இல்லை.

கடை அடைக்கிற நேரம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் சாத்தான்குளத்தை நினைத்துக்கொள்ளட்டும். அனுமதித்த நேரம் தாண்டிக் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லி 2020 ஜூன் 19 அன்று கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் ஜூன் 22லும் 23லும் செத்துப்போனார்கள். விசாரணையைக் கையிலெடுத்தது மதுரையில் இருக்கும் உயர்நீதிமன்றக் கிளை. தந்தை இறந்த மறுநாள் மதுரையின் முழு அடைப்பு ஆரம்பித்தது. அந்த ஜூலை மாதம் கதவிடுக்கில் அரை ஷட்டர் தூக்கிவைத்து விற்றவனின் நெஞ்சில் என்ன இருந்திருக்கும் என்பதைப் பற்றி ஒரு சிறுகதை வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. வெறிச்சோடிய வீதிகளைப் பற்றி வந்த கவிதைகளை எண்ணி முடிக்க முடியாது.

இரவை அடைக்கிற வித்தை இந்தச் சமவெளிக்குப் புதிதும் அல்ல. உசிலம்பட்டிப் பக்கத்துக் கள்ளர் கிராமங்களில் குற்றப் பரம்பரையினர் சட்டம் இருந்த காலத்தில் ஆண்கள் ராத்திரி காவல் நிலையத்துக்கு வந்து ரேகை வைக்க வேண்டும், வெளியூர் போனால் சீட்டு வேண்டும். ஒரு சாதி முழுவதுக்கும் தனியாகப் போட்ட இரவு ஊரடங்கு அது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு. பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அந்தச் சட்டம் 1947இல்தான் போனது. பெருங்காமநல்லூரின் நூற்றாண்டு நாள் 2020 ஏப்ரல் 3, ஊரடங்கின் பத்தாவது நாளாக வந்து விழுந்தது. இரண்டையும் ஒன்று என்று சொல்கிற அசட்டுத்தனத்தை நான் செய்யமாட்டேன். ஒன்று நோய்க்கு எதிரானது, மற்றது மனிதர்களுக்கு எதிரானது. ஆனால் இரவில் நடமாடுகிறவனை முதலில் சந்தேகி, பிறகு விசாரி என்கிற மனோபாவம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் மதுரை இரவைப் பற்றி எழுத முடியாது. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்ட'த்துக்கு 2011இல் சாகித்ய அகாதமி பரிசு வந்ததும் நாமெல்லாம் அதைச் சாதக பாதகமாகப் பேசித் தீர்த்தோம். காவல், களவு, இரவு என்ற அதன் விஷயம் மட்டும் நம் எழுத்தில் ஒட்டாமல் உதிர்ந்துபோயிற்று.

சட்டத்தின் இன்றைய முகம் இன்னும் ஸ்வாரஸ்யமானது. 2019இல் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை போட்டது: பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகள் வருஷம் முழுவதும் இருபத்துநாலு மணிநேரமும் திறந்திருக்கலாம். மூன்று வருஷத்துக்கு. நோய் தணிந்து 2022 ஜூனில் இன்னொரு மூன்று வருஷத்துக்கு நீட்டித்தார்கள். பத்துப் பேர். இந்த எண்ணைக் கவனியுங்கள். சுற்றுச்சாலையில் பிரியாணிக்கு மூன்று மாடி கட்டியவனிடம் பத்துப் பேர் இருப்பார்கள். சிம்மக்கல் பக்கம் தள்ளுவண்டியில் இட்லி அவிக்கிற அக்காவிடம் அவளும் அவள் தங்கச்சி மகனும்தான் உண்டு. அவளுடைய இரவு அந்த ஆணைக்குள் இல்லை. அவளிடம் ஒரு தடவை, 'என்னக்கா, இப்பதான் எல்லாம் சகஜமாயிருச்சே' என்று கேட்டேன். 'யாருக்கண்ணே ஆச்சு? முன்னெல்லாம் ரெண்டு மணி வரைக்கும் ஓடும். இப்ப பதினொண்ணுக்கு ஏட்டையா வண்டி வந்து நிக்கிது. சட்னிய மூடவா, அடுப்ப அணைக்கவா?' என்றாள். தெருவோர வியாபாரிகளின் பிழைப்பைப் பாதுகாக்க 2014இல் மத்தியச் சட்டம் ஒன்று வந்தது. 2020 ஜூனில் அவர்களுக்குப் பத்தாயிரம் ரூபாய் கடன் என்று ஒரு திட்டமும் வந்தது. பணம் கொடுக்க ஏற்பாடு உண்டு. அந்தப் பணத்தை விளைய வைக்கிற நேரத்தைக் கொடுக்க ஏற்பாடு இல்லை. பதினொரு மணிக்கு மேல் அவளிடம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரரும் ஆஸ்பத்திரித் துணைக்கு வந்தவரும் இப்போது என்ன சாப்பிடுகிறார்கள்? பன்னும் டீயும், அதுவும் பஸ் ஸ்டாண்டுக்குள் போனால்.

ஆக, மீண்ட இரவு ஒன்று இருக்கிறது. மீளாத இரவு ஒன்று இருக்கிறது. வாங்குகிறவனின் இரவு மீண்டுவிட்டது. கைப்பேசியில் அழுத்தினால் பதினொன்றரை மணிக்கும் கறிதோசை வாசலுக்கு வரும். கொண்டுவருகிற பையன் யார், எத்தனை மணிநேரமாக வண்டியில் இருக்கிறான் என்பது கைப்பேசியில் ஒரு புள்ளியாக மட்டும் தெரியும். லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இரவுக்கென்று ஓர் அதிகாரியைப் போட்டு 'இரவுப் பொருளாதாரம்' என்று பெரிய பெயர் கொடுத்துப் பேசினார்கள். இங்கும் கருத்தரங்குகளில் அந்தச் சொல் வந்துவிட்டது. சொல் வரும்போது மூன்று மாடி பிரியாணிக்காரரும் கூடவே மேடையேறுவார். அக்கா வரமாட்டாள்.

இதுவரை சொன்னது சாப்பாடு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மதுரையின் உண்மையான இரவு மதுரைக்குள் இல்லை. அது மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, மானாமதுரை வழியில் அறுப்பு முடிந்த வயல்வெளியிலும் கோயில் பொட்டலிலும் இருந்தது. ஸ்பெஷல் நாடகத்தைச் சொல்கிறேன். நம் நவீனத்துவப் பக்கங்களில் இந்தப் பெயரை உச்சரித்தாலே சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். ஆர்மோனியம், ரோஸ் பவுடர், பபூன் ஜோக்கு. இவர்கள் பிரெக்டைப் பற்றி எழுதுவார்கள். பத்து மைல் தள்ளி, ஒத்திகையே இல்லாமல், அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் ஒருவரையொருவர் பார்க்கிற ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் விடிய விடிய ஒரு கதையைத் தர்க்கம் பண்ணியே நடத்திக்கொண்டு போகிற விந்தையைப் பார்க்கமாட்டார்கள். அமெரிக்காவிலிருந்து சூசன் சைஸர் என்ற அம்மாள் வந்து, இந்த நடிகைகளோடு பழகி, 2005இல் ஒரு புத்தகமே போட்டார். நாம் அதற்கு மதிப்புரை எழுதியிருந்தால் அதிகம்.

இந்தக் கலைக்கு மதுரைதான் தலைநகர். சங்கரதாஸ் சுவாமிகள் தமது பாலர் சபாவை மதுரையில் தொடங்கியது 1918இல். இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொன்ற இன்ஃபுளுயன்சாவின் வருஷம் அது. அவர் 1922இல் இறந்தார். அடுத்த வருஷமே மதுரையில் நாடக நடிகர்களின் சங்கம் உண்டாயிற்று. நோய்க்கும் நாடகத்துக்கும் முடிச்சுப் போட எனக்கு உத்தேசமில்லை. அந்தக் கொள்ளை நோய்க்குப் பிறகு இந்த ஊரின் ராத்திரிக்கு ஒரு ஸ்தாபனம் அமைந்தது, 2020க்குப் பிறகு அப்படி எதுவும் அமையவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

ஸ்பெஷல் நாடகத்தின் கணக்கு காலண்டரோடு கட்டுண்டது. மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. கிராமக் கோயில் திருவிழாக்கள் அந்த மாசங்களில் வரும். நடிகர்களுக்கு வருஷச் சம்பாத்தியத்தின் பெரும்பங்கு அந்த ராத்திரிகளில். ஊரடங்கு 2020இல் பங்குனியில் பிடித்தது. 2021இல் சித்திரையில் பிடித்தது. தேர்ந்தெடுத்து அடித்தது போல இரண்டு பருவமும் போயிற்று. ஆர்மோனியத்தை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும். நூறு நாள் வேலைக்குப் போன ஸ்திரீபார்ட்டைத் தெரியும். திருவிழாக்கள் 2022இல் திரும்பி வந்தன. நாடகமும் திரும்பி வந்தது என்று சொல்வார்கள். எப்படி வந்தது என்று பாருங்கள்.

இந்த நாடகம் பத்து மணிக்குத்தான் தொடங்கும். முதல் இரண்டு மணிநேரம் பபூனுக்கும் டான்ஸ்காரிக்கும். கதை ஆரம்பிக்கும்போது நடுநிசி ஆகிவிடும். வள்ளி திருமணம் என்றால் நாரதருக்கும் வள்ளிக்கும், பிறகு வேடனாக வரும் முருகனுக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கம் இரண்டு மணிக்கு மேல் சூடு பிடிக்கும். அந்நேரம் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். ஆண்கள் பாதிப் பேர் சாய்ந்திருப்பார்கள். விழித்திருக்கிற கிழவிகளுக்கும் நடுவயதுப் பெண்களுக்கும்தான் அந்தத் தர்க்கம். ஒரு பெண் மேடையில் நின்று ஆண் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் திருப்பி அடிக்கிறாள், இவர்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரிக்கிறார்கள். வேறு எந்த நேரத்திலும் அவர்களுக்கு அப்படிச் சிரிக்க இடமில்லை. அதுதான் இந்தக் கலையின் நடுநரம்பு, அது மூன்று மணிக்குத்தான் துடிக்கும். 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது, அரசு விதிவிலக்குத் தரும் சொற்ப நாட்களில் பன்னிரண்டு வரை தவிர. கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் இந்த நாடகம் பிறவியிலேயே சட்டவிரோதம். முன்பு கண்ணை மூடிக்கொண்டார்கள். ஊரடங்கு வருஷங்களில் இரவை அடைத்துப் பழகிய கைக்கு இப்போது கண்ணை மூடிக்கொள்ள மனசு வரவில்லை. 2022க்குப் பிறகு நான் போய் உட்கார்ந்த நாடகங்களில் பல ஒரு மணிக்குள் மங்களம் பாடி முடித்துக்கொண்டன. பபூனைக் குறைத்தால் ஊர்க்காரன் சண்டைக்கு வருவான், ஆகவே வெட்டு விழுவது தர்க்கத்தில். வள்ளி கால்மணி நேரத்தில் சம்மதித்துவிடுகிறாள். இரண்டு பாட்டு, ஒரு கேள்வி, கல்யாணம். இதைப் பார்த்துவிட்டுத்தான் ஒருவர் 'நாடகம் மீண்டும் உயிர்பெற்றது' என்று எழுதியிருந்தார்.

பெர்லினிலும் கொரோனாவில் இரவு விடுதிகள் மூடிக் கிடந்தன. ஜெர்மன் நாடாளுமன்றம் 2021 மே மாதம் அவற்றைச் சூதாட்டக்கூட வகையறாவிலிருந்து எடுத்துக் கலாசார இடங்களாகக் கருதவேண்டும் என்று தீர்மானம் போட்டது. அங்கே இசைக்காரர்களும் எழுதுகிறவர்களும் வெகுநாள் கத்தியதால் வந்த தீர்மானம். இங்கே ஸ்பெஷல் நாடகம் இன்னமும் சட்டம் ஒழுங்குப் பிரச்னை. கத்த வேண்டியவர்கள் கவிதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

சித்திரைத் திருவிழாவைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பார்கள். 2020லும் 2021லும் அழகர் மலையை விட்டு இறங்கவில்லை. கோயிலுக்குள்ளேயே சடங்கை முடித்தார்கள். 2020 மே 4 அன்று நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சனங்கள் டெலிவிஷனில் பார்த்தார்கள். 2022 ஏப்ரல் 16 அன்று அழகர் மீண்டும் ஆற்றில் இறங்கியபோது வைகைக் கரையில் அடைந்த கூட்டத்தில் இரண்டு பேர் நெரிசலில் செத்தார்கள். நகரம் அந்த ராத்திரிக்கு எவ்வளவு ஏங்கிக் கிடந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அழகரின் இரவு ஒரு வருஷத்துக்கு நாலைந்து நாள். அன்றைக்கு எவனும் யாரையும் பதினொரு மணிக்கு எழுப்பி விரட்டமாட்டான். கூட்டம் பெரிதாக இருந்தால் இரவு எல்லோருக்கும் சொந்தம், ஒற்றை ஆளாக இருந்தால் எங்கே போகிறாய் என்ற கேள்வி. இதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மல்லிகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியை எழுதாத கவிஞர் இல்லை. அது மொட்டாக இருக்கும்போதே பறிக்கப்படவேண்டிய பூ, சாயங்காலம் விரியும். ஆகவே விடிவதற்கு முன்னால் நெற்றியில் பேட்டரி விளக்கைக் கட்டிக்கொண்டு, பாம்புக்குப் பயந்து காலைத் தட்டித் தட்டி, பெண்கள் செடிக்குள் குனிகிறார்கள். மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வண்டி போகிற நேரத்துக்குள் கூடை நிறைய வேண்டும். ஊரடங்கில் கோயிலும் கல்யாணமும் இல்லாமல் பூ செடியிலேயே விரிந்து காய்ந்தது. அந்த மாசங்களில்தான் அவர்கள் நாலு மணிக்குத் தூங்கினார்கள், பசியோடு. நம் கவிதையில் பூ கூந்தலில் தொடங்குகிறது.

ஜி. நாகராஜன் 1981இல் மதுரையில் செத்தார். 'நாளை மற்றுமொரு நாளே' 1974இல் வந்தது. ஒரு மனிதனின் ஒரே நாள். அதில் இரவு அலங்காரமாக வரவில்லை, ஒருவன் பிழைக்கிற நேரமாக வருகிறது. அவர் பெயரைச் சொல்லி நாம் நிறைய டீ குடித்திருக்கிறோம். ஆனால் அவருக்குப் பிறகு இரவு ஷிப்டையோ ரோந்து வண்டியையோ கைப்பேசிப் புள்ளியாக ஓடுகிற பையனையோ இந்த ஊரிலிருந்து எழுதியவர்களை விரல்விட்டு எண்ணினால் விரல் மிஞ்சும்.

நண்பர்கள் ஒரு மதுரைச் சிறப்பிதழ் கொண்டுவரப் போவதாகவும், அட்டையில் இரவு வெளிச்சத்தில் கோபுரமும் ஜிகர்தண்டா டம்ளரும் வருவதாகவும் கேள்வி. அட்டைப் படம் எடுக்கப் போகிறவர் ராத்திரி இரண்டு மணிக்குக் கீழமாரட் வீதிக்கும் ஒரு நடை போய்வரட்டும். லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். வழியை மறிக்காமல் ஓரமாக நின்று எடுக்கச் சொல்லுங்கள்.